ஜப்பான் அரசியலமைப்பை ஏன் இன்னும் யாராலும் திருத்த முடியவில்லை?

ஜப்பானின் அரசியலமைப்புச் சட்டம் 1947 மே 3 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து அதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இந்தியாவில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நம்புவது கஷ்டம். நம்முடைய சட்டம் 1950 ஜனவரியில் வந்து அடுத்த ஆண்டே முதல் திருத்தத்தைப் பார்த்துவிட்டது (சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை நீதிமன்றம் ரத்து செய்ததும் அதற்கு ஒரு காரணம்), இன்றைக்கு எண்ணிக்கை நூறைத் தாண்டி நிற்கிறது. அதே உலகப் போரில் தோற்ற ஜெர்மனிகூட 1949-இல் எழுதிய தன் அடிப்படைச் சட்டத்தை அறுபது தடவைக்கு மேல் திருத்தியிருக்கிறது. ஜப்பானில் மட்டும் பூஜ்யம்.

அவர்களுக்குத் தங்கள் சட்டத்தின்மேல் அவ்வளவு பக்தியா, இல்லை திருத்தவே முடியாதபடி பூட்டி வைத்துவிட்டார்களா என்று கேட்கத் தோன்றும். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எழுத்து அப்படியே இருக்க, அதன் பொருள் எழுபத்தைந்து ஆண்டுகளில் எவ்வளவோ நகர்ந்துவிட்டது. அதை யார் நகர்த்தினார்கள், மக்களைக் கேட்டு நகர்த்தினார்களா என்பதுதான் அங்கே ஜனநாயகம் பற்றிய நிஜமான சண்டை. அந்தச் சண்டை புரிய வேண்டும் என்றால் 1946-க்குப் போக வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு சட்டம் இருந்தது. 1889-இல் மேய்ஜி பேரரசர் தன் குடிகளுக்கு 'அருளிய' சட்டம் அது. இறையாண்மை பேரரசருடையது, அவர் புனிதமானவர், தரைப்படையும் கடற்படையும் நேரடியாக அவருடைய கட்டளைக்கு உட்பட்டவை. இந்தக் கடைசி விஷயம்தான் வினையாகிப் போனது. படை பேரரசரின் கீழ் என்றால் நாடாளுமன்றத்துக்கோ பிரதமருக்கோ அதைத் தட்டிக் கேட்க உரிமை இல்லை என்று தளபதிகள் வாதாடினார்கள், 1930-களில் அந்த வாதத்தை வைத்துக்கொண்டே நாட்டை இழுத்துப் போனார்கள். அது எங்கே போய் முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் தலைமையில் நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு நிர்வாகம் டோக்கியோவில் உட்கார்ந்தது. பழைய சட்டத்தை மாற்றுங்கள் என்று அவர்கள் சொல்ல, ஜப்பான் அரசு மட்சுமோடோ ஜோஜி என்ற சட்ட அறிஞர் தலைமையில் ஒரு குழுவைப் போட்டது. அந்தக் குழு செய்த வேலையின் லட்சணத்தைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு போதும்: பேரரசர் 'புனிதமானவர்' என்று இருந்த இடத்தில் 'உன்னதமானவர்' என்று போட்டது. இவ்வளவு பெரிய அழிவுக்குப் பிறகும் அவர்கள் மனசில் மாற்றம் என்றால் அவ்வளவுதான்! 1946 பிப்ரவரி 1 அன்று மைனிச்சி நாளிதழ் அந்தக் குழுவின் வரைவு ஒன்றைக் கைப்பற்றி வெளியிட்டது. படித்துப் பார்த்த மெக்ஆர்தர், இவர்களை நம்பிப் பயனில்லை, நாமே எழுதிவிடுவோம் என்று முடிவு செய்தார்.

அவருக்கு ஒரு அவசரமும் இருந்தது. ஜப்பானை என்ன செய்வது என்று கொள்கை வகுக்க நேச நாடுகள் அமைத்திருந்த, சோவியத் யூனியன், ஆஸ்திரேலியா எல்லாம் இடம்பெற்ற தூர கிழக்கு ஆணையம் அந்த மாதக் கடைசியில் கூடவிருந்தது. அவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டால் பேரரசர் பதவியே மிஞ்சுமா என்பது சந்தேகம். பேரரசரை வைத்துக்கொண்டால்தான் ஜப்பானை அமைதியாக ஆளலாம் என்பது மெக்ஆர்தரின் கணக்கு. ஆகவே அவர் அலுவலகத்தில் இருந்த இருபத்து சொச்சம் பேர், ராணுவ அதிகாரிகளும் சில சிவிலியன்களும், பிப்ரவரி 4 அன்று வேலையைத் தொடங்கினார்கள். ஒரு வாரம் கொஞ்சம் கூடுதலாக, அவ்வளவுதான், ஒரு நாட்டின் அரசியலமைப்பு வரைவு தயார்.

அந்தக் குழுவில் பெயாட்டே சிரோட்டா என்றொரு பெண் இருந்தார், வயது 22. சிறுவயதில் டோக்கியோவில் வளர்ந்தவர், ஜப்பானியப் பெண்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். குண்டுவீச்சில் பாதி அழிந்து கிடந்த நகரத்தில் ஜீப்பில் சுற்றி, மிஞ்சியிருந்த நூலகங்களில் இருந்து பிற நாட்டு அரசியலமைப்புகளைத் திரட்டிக்கொண்டு வந்தார். திருமணம் இருவர் சம்மதத்தின் பேரில் மட்டுமே, கணவனுக்கும் மனைவிக்கும் சம உரிமை என்று இன்று 24-ஆம் பிரிவில் இருப்பது அவர் எழுதிய வரைவில் இருந்து வந்தது. அவர் எழுதியதில் நிறைய வெட்டப்பட்டது, மிஞ்சியது இது.

பிப்ரவரி 13 அன்று மெக்ஆர்தரின் ஆள் கோர்ட்னி விட்னி இந்த வரைவைக் கொண்டுபோய் ஜப்பானிய அமைச்சர்களிடம் கொடுத்தார். அவர்கள் படிக்கட்டும் என்று தோட்டத்தில் போய் நின்றார். அழைக்க வந்தவரிடம், 'உங்கள் அணுச் சூரிய வெளிச்சத்தை ரசித்துக்கொண்டிருந்தோம்' என்றாராம். ஹிரோஷிமா முடிந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே 'இது திணிக்கப்பட்ட சட்டம்' என்ற குற்றச்சாட்டை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன். துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசியதுபோல்தான் அது.

சரி, அப்போ முழுக்கத் திணிப்பா என்றால், அங்கேதான் கதை சிக்கலாகிறது. ஏப்ரல் 10 அன்று பொதுத்தேர்தல் நடந்தது. ஜப்பானில் பெண்கள் ஓட்டுப் போட்ட முதல் பொதுத்தேர்தல் அது, 39 பெண்கள் வென்று கீழவைக்குப் போனார்கள். அந்த நாடாளுமன்றம் வரைவை மாதக்கணக்கில் அலசியது. அமெரிக்கர்கள் ஒரே அவை போதும் என்றார்கள், ஜப்பானியர்கள் கேட்டு வாங்கி இரண்டு அவை ஆக்கினார்கள். ஆரோக்கியமான, பண்பட்ட வாழ்க்கைக்கான குறைந்தபட்சத் தரம் ஒவ்வொரு குடிமகனின் உரிமை என்று சொல்லும் 25-ஆம் பிரிவு, அமெரிக்க வரைவில் அந்த வடிவில் இல்லவே இல்லை, சோசலிஸ்ட்டுகள் சேர்க்கவைத்தது. அமெரிக்கர்கள் எழுத உட்காருவதற்கு முன்பே, சுசுகி யசுசோ போன்ற அறிஞர்கள் கூடி 1945 டிசம்பரில் ஒரு மக்கள் வரைவை வெளியிட்டிருந்தார்கள். மெக்ஆர்தர் அலுவலகம் அதை மொழிபெயர்த்துப் படித்தது, நல்ல வரைவு என்று குறிப்பும் எழுதியது. கடைசியில் கீழவையில் 421 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. 1946 நவம்பர் 3 அன்று சட்டம் அறிவிக்கப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், சட்ட நடைமுறைப்படி இது புதிய அரசியலமைப்பே இல்லை, பழைய மேய்ஜி சட்டத்துக்குச் செய்யப்பட்ட 'திருத்தம்'. பேரரசரின் இறையாண்மையை அந்தப் பேரரசரின் பெயரிலேயே திருத்தி மக்களுக்கு மாற்றினார்கள். அது சட்டப்படி முடியுமா என்று ஜப்பானியச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் விவாதிக்கிறார்கள்.

இனி 9-ஆம் பிரிவு. அரசியலமைப்பைத் திருத்துவது பற்றி ஜப்பானில் யார் வாயைத் திறந்தாலும் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான். இரண்டே பத்தி. முதல் பத்தியில், சர்வதேசத் தகராறுகளைத் தீர்க்கும் வழியாகப் போரையும் படைபல மிரட்டலையும் ஜப்பானிய மக்கள் என்றென்றைக்கும் கைவிடுகிறார்கள். இரண்டாவது பத்தியில், அந்த நோக்கம் நிறைவேறுவதற்காக, தரைப்படை, கடற்படை, வான்படை, வேறு போர்த்திறன் எதுவும் ஒருபோதும் வைத்துக்கொள்ளப்படாது, நாட்டின் போரிடும் உரிமை ஏற்கப்படாது.

'முன்பத்தியின் நோக்கம் நிறைவேறுவதற்காக' என்ற அந்தத் தொடர் அமெரிக்க வரைவில் இல்லை. நாடாளுமன்றத் துணைக்குழுவில் அதன் தலைவர் அஷிதா ஹிதோஷி சேர்த்தது. சாதாரண இணைப்புச் சொல் மாதிரி தெரியும், ஆனால் அதை இப்படியும் படிக்கலாம்: தகராறு தீர்க்கப் போர் செய்யும் நோக்கத்துக்குத்தான் படை கூடாது, வீட்டைக் காக்கப் படை வைத்துக்கொள்ளலாம். தூர கிழக்கு ஆணையத்தில் இருந்தவர்கள் இதைக் கவனித்துவிட்டார்கள். அப்படியானால் அமைச்சர்கள் எல்லோரும் படையினர் அல்லாதவராக இருக்க வேண்டும் என்ற விதியையும் போடுங்கள் என்று வற்புறுத்தினார்கள், அது 66-ஆம் பிரிவில் ஏறியது. படையே இருக்கக்கூடாது என்கிற சட்டத்தில், படைக்காரர் அமைச்சராகக் கூடாது என்றும் ஒரு விதி!

அந்த விவாதத்தில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று பார்த்தால் இன்னும் ஆச்சரியம். தற்காப்புக்கான போர் நியாயமானதுதானே, அதையும் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டவர் கம்யூனிஸ்ட் தலைவர் நோசாகா சான்சோ. தற்காப்பு என்று சொல்லித்தான் பெரும்பாலான போர்கள் நடந்திருக்கின்றன, அப்படி ஒரு உரிமையை ஏற்பதே ஆபத்து என்று பதில் சொன்னவர் பழமைவாதப் பிரதமர் யோஷிதா ஷிகேரு. இன்றைக்கு இரண்டு கட்சிகளும் அப்படியே இடம் மாறி நிற்கின்றன. அரசியலமைப்பு வாதங்களைப் படிக்கும்போது, இது என்றைக்கும் இவர்களுடைய கொள்கை என்று யாராவது சொன்னால் கொஞ்சம் தேதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

1947-இல் கல்வி அமைச்சகம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தந்த பாடநூலில் ஒரு படம் உண்டு. ஒரு பெரிய கொப்பரை, அதன்மேல் 'போர்த் துறவு' என்று எழுதியிருக்கும், மேலே குண்டுகளும் போர் விமானங்களும் விழும், கீழே ரயிலும் கட்டடமுமாக வெளியே வரும். அந்தப் புத்தகம் சில ஆண்டுகளிலேயே வகுப்பறையை விட்டுப் போய்விட்டது. காரணம் கொரியப் போர். 1950-இல் ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படைகள் கொரியாவுக்குப் போக, உள்நாட்டைப் பார்த்துக்கொள்ள 75,000 பேர் கொண்ட 'தேசிய காவல் சேமப்படை'யை அமைக்கச் சொன்னார் மெக்ஆர்தர். ஆமாம், படை கூடாது என்று எழுதவைத்த அதே மெக்ஆர்தர். நாடாளுமன்றத்தில் விவாதம்கூட இல்லாமல், அரசாணை மூலமே அது வந்தது. 1954-இல் அது தற்காப்புப் படை ஆனது. இன்று அதில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள், நீர்மூழ்கிக் கப்பலும் போர் விமானமும் எல்லாம் இருக்கின்றன. 9-ஆம் பிரிவின் இரண்டாவது பத்தியும் அப்படியே இருக்கிறது.

இடையில் 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில்தான் ஆக்கிரமிப்பை முடிக்கும் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. அங்கே ஜப்பானுக்காக எழுந்து பேசி, நஷ்டஈடு வேண்டாம் என்று புத்தர் வாக்கைச் சொன்னவர் இலங்கையின் அன்றைய நிதி அமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்தன. ஜப்பானில் இன்றும் அவரை நன்றியோடு நினைக்கிறார்கள். அதே மனிதர் 1978-இல் தன் நாட்டுக்குத் தானே புதிய அரசியலமைப்பு எழுதி, கையில் ஆறில் ஐந்து பங்கு பெரும்பான்மையை வைத்துக்கொண்டு அதை வேண்டியபோதெல்லாம் திருத்தினார், 1982-இல் பொதுவாக்கெடுப்பு நடத்தித் தேர்தலையே தள்ளிப்போட்டார். திருத்துவது சுலபமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்குத் தெரிந்த ஆளிடமே பதில் இருக்கிறது.

ஜப்பானில் திருத்துவது எப்படி? 96-ஆம் பிரிவு சொல்கிறது: இரண்டு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும், வந்து உட்கார்ந்தவர்களில் மூன்றில் இரண்டு என்ற கணக்குக் கிடையாது. கீழவையில் 465 பேர், ஆக 310 வேண்டும். மேலவையில் 248 பேர், 166 வேண்டும். அதைத் தாண்டினாலும் அது வெறும் முன்மொழிவுதான். அப்புறம் நாடு முழுக்கப் பொதுவாக்கெடுப்பு வைத்து அதில் பாதிக்கு மேல் 'சரி' என்று விழ வேண்டும். இந்தியாவில் இந்தக் கடைசிப் படி கிடையாது, ஜெர்மனியிலும் கிடையாது.

1955-இல் உருவான லிபரல் ஜனநாயகக் கட்சி, சொந்தமாக ஓர் அரசியலமைப்பு வேண்டும் என்பதைப் பிறக்கும்போதே இலட்சியமாக வைத்துக்கொண்டது. பெரும்பாலான காலம் ஆட்சியிலும் அதுதான். ஆனால் மக்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள், ஆட்சியை இவர்களிடம் கொடுப்பார்கள், மூன்றில் ஒரு பங்கு இடத்தை எதிர்த்தரப்புக்குக் கொடுத்துவிடுவார்கள். பல பத்தாண்டுகள் சோசலிஸ்ட் கட்சியின் பெரிய வேலையே அந்த மூன்றில் ஒன்றைக் காப்பாற்றுவதுதான். பொதுவாக்கெடுப்பை எப்படி நடத்துவது என்ற சட்டமே 2007-இல்தான் இயற்றப்பட்டது. அறுபது ஆண்டுகள் பூட்டு இருந்தது, சாவி செய்யப்படவே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்தச் சட்டம் மிகச் சின்னது. 103 பிரிவுகள், அதுவும் சுருக்கமானவை. தேர்தல் முறை, உள்ளாட்சி அதிகாரம் இதெல்லாம் 'சட்டத்தால் தீர்மானிக்கப்படும்' என்று விட்டுவிட்டார்கள். மற்ற நாடுகளில் அரசியலமைப்பைத் திருத்திச் செய்யும் பல வேலைகளை இங்கே சாதாரண சட்டம் போட்டே முடித்துவிடலாம். ஆகவே பூஜ்யம் என்ற எண்ணைப் பார்த்து ஜப்பான் உறைந்து கிடக்கிறது என்று நினைத்துவிடக்கூடாது.

9-ஆம் பிரிவை மட்டும் அப்படிச் சாதாரண சட்டத்தால் சமாளிக்க முடியாது. அதற்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள், விளக்கம் சொல்வது. அமைச்சரவைக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் ஒரு பணியகம் இருக்கிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை இயல்பாகவே உண்டு, அதற்குத் தேவையான மிகக் குறைந்தபட்ச பலம் 'போர்த்திறன்' ஆகாது என்பது அவர்கள் கட்டிய வாதம். (அஷிதாவின் தொடரை அரசு தன் வாதத்துக்கு அடிப்படையாக வைக்கவில்லை என்பதும் சுவாரசியம்தான்.) அதே வாதம் ஒரு எல்லையும் போட்டது: ஜப்பான் தாக்கப்பட்டால் திருப்பி அடிக்கலாம், நட்பு நாடு தாக்கப்பட்டதற்காகப் போய்ச் சண்டையிட முடியாது. 1972-இல் அரசு இதை எழுத்திலேயே சொன்னது.

நீதிமன்றம் என்ன செய்தது? 1959-இல் சுனகாவா வழக்கில் உச்ச நீதிமன்றம், தற்காப்பு உரிமை இருக்கிறது என்றது, அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தம் பெரிய அரசியல் விவகாரம், அப்பட்டமாகச் சட்டவிரோதம் என்று தெரிந்தாலொழிய நாங்கள் தலையிட மாட்டோம் என்று ஒதுங்கிக்கொண்டது. 1973-இல் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் தற்காப்புப் படை அரசியலமைப்புக்கு விரோதம் என்று துணிந்து தீர்ப்பு எழுதியது. மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது, உச்ச நீதிமன்றம் வழக்குத் தொடுத்தவர்களுக்கு உரிமை இருக்கிறதா என்பதோடு முடித்துக்கொண்டது. ஆக, சட்டத்துக்குப் பொருள் சொல்லும் வேலை நடைமுறையில் அரசின் கையிலேயே தங்கிவிட்டது.

இதன் விளைவு 2014-இல் தெரிந்தது. முந்தைய ஆண்டு பிரதமர் அபே ஷின்சோ, 96-ஆம் பிரிவையே முதலில் திருத்தி, மூன்றில் இரண்டு என்பதைப் பாதிக்கு மேல் என்று ஆக்கிவிடலாம் என்று பேசிப் பார்த்தார். திருத்தம் வேண்டும் என்று நெடுங்காலம் வாதாடிவந்த பேராசிரியர் கோபயாஷி செட்சுகூட இது கொல்லைப்புற வழி என்று எதிர்த்தார். யோசனை கைவிடப்பட்டது. அப்புறம் அந்தச் சட்டப் பணியகத்துக்கு, வழக்கத்தை மீறி, வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர் தலைவராக நியமிக்கப்பட்டார். 2014 ஜூலை 1 அன்று அமைச்சரவை கூடி, சில நிபந்தனைகளோடு, நட்பு நாட்டுக்காகவும் படைபலம் பயன்படுத்தலாம் என்று விளக்கத்தை மாற்றிவிட்டது. அடுத்த ஆண்டு அதற்கான மசோதாக்கள் வந்தன. 2015 ஜூன் 4 அன்று நாடாளுமன்ற அரசியலமைப்புக் குழுவின் முன் மூன்று பேராசிரியர்கள் வந்தார்கள், மூன்று பேரும் இது அரசியலமைப்புக்கு விரோதம் என்றார்கள், அதில் ஹசெபே யசுவோவை அழைத்து வந்ததே ஆளுங்கட்சி! நாடாளுமன்றத்துக்கு வெளியே இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். செப்டம்பரில் மசோதாக்கள் நிறைவேறின.

அரசியலமைப்பில் ஓர் எழுத்து மாற்ற 310-ம் 166-ம் வேண்டும், பிறகு நாட்டு மக்கள் அத்தனை பேரையும் கேட்க வேண்டும். அதே எழுத்தின் பொருளை மாற்ற, ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்த அமைச்சர்கள் போதும். எனக்கு இதில் உள்ள உறுத்தல் படை வேண்டுமா வேண்டாமா என்பது பற்றியது இல்லை. சீனா, வடகொரியா பக்கத்தில் இருக்கும் நாட்டுக்குப் படை வேண்டும் என்பவர்களின் வாதம் முட்டாள்தனமானது கிடையாது. ஆனால் அந்த வாதத்தை நேரடியாக மக்களிடம் வைத்து ஓட்டுக் கேட்க ஏழு பத்தாண்டுகளாக ஒருவராலும் முடியவில்லை. எதிர்த்தரப்பையும் விட்டுவிட முடியாது. இந்தப் படை இருக்கட்டும், நிலநடுக்கம் சுனாமி என்றால் அவர்கள்தானே வருகிறார்கள், ஆனால் சட்டத்தில் எழுதாதே என்பவர்களும் அதே இடைவெளியில்தான் வசதியாக வாழ்கிறார்கள்.

2017 மே 3 அன்று அபே வேறு விதமாக முயன்றார்: இரண்டு பத்தியையும் தொடாமல், தற்காப்புப் படையின் பெயரை மட்டும் சேர்ப்போம் என்றார். நடப்பதைத்தானே எழுதுகிறோம் என்று கேட்கச் சாதுவாக இருக்கும். எதிர்ப்பவர்களின் பயம், பின்னால் எழுதப்படுவது முன்னால் இருக்கும் தடையைத் தின்றுவிடும் என்பது. அவர் காலத்தில் அது நடக்கவில்லை. கட்சி 2018-இல் வைத்த பட்டியலில் படையோடு, பேரிடர்க் காலத்தில் அமைச்சரவைக்குக் கூடுதல் அதிகாரம், மேலவைத் தொகுதிகள், கல்வி ஆகியவையும் இருந்தன. அந்தக் கூடுதல் அதிகாரத்தைத்தான் நான் படையைவிடக் கவனமாகப் பார்ப்பேன். அவசரநிலையைப் பார்த்த நாட்டில் இருந்து படிக்கிற நமக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஒருவேளை நாளைக்கே முன்மொழிவு வந்தால்? 60 முதல் 180 நாட்களுக்குள் வாக்கெடுப்பு. 18 வயது நிரம்பியவர்கள் ஓட்டுப் போடலாம். சம்பந்தமில்லாத விஷயங்களை ஒன்றாகக் கட்டி ஒரே கேள்வியாக வைக்க முடியாது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஓட்டு. சீட்டில் 'ஆதரவு', 'எதிர்ப்பு' என்று அச்சடித்திருக்கும், வேண்டியதை வட்டமிட வேண்டும். கடைசி 14 நாட்கள் தொலைக்காட்சி, வானொலியில் ஓட்டுக் கேட்கும் விளம்பரம் கூடாது, இணைய விளம்பரத்துக்கு அந்தத் தடை இல்லை. செல்லும் ஓட்டில் பாதிக்கு மேல் ஆதரவு இருந்தால் போதும். எத்தனை சதவீதம் பேர் வந்து போட வேண்டும் என்ற குறைந்தபட்ச அளவு எதுவும் சட்டத்தில் இல்லை. நூற்றில் நாற்பது பேர் வந்து, அதில் இருபத்தொரு பேர் ஆதரவு என்று வட்டமிட்டால், 1947-இல் இருந்து யாரும் தொடாத சட்டம் மாறிவிடும்.